காங்கிரீட்டுக்கு எந்த அளவு ஜல்லி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டட வேலை தொடங்குகிறவர்கள் சிமெண்டையும் கம்பியையும் பற்றி நிறைய விசாரிக்கிறார்கள். ஜல்லி என்று வந்ததும் "முக்கால் ஜல்லி ஒரு லோடு" என்று சொல்லி அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். காங்கிரீட்டின் எடையில் ஏறக்குறைய பாதி ஜல்லிதான். அதன் அளவு தப்பினால் நல்ல சிமெண்டும் நல்ல கம்பியும் இருந்தும் பீமுக்குள் ஓட்டை விழும், அல்லது தேவையில்லாமல் சிமெண்ட் செலவாகும். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு, கணக்கோடு சேர்த்தே இங்கே பதில் தருகிறேன்.

20 மி.மீ. ஜல்லி என்றால் ஒவ்வொரு கல்லும் 20 மி.மீ. இருக்குமா?

இருக்காது. 20 மி.மீ. என்பது சல்லடைக் கண்ணின் அளவு. பெரும்பாலான கல் அந்தக் கண்ணில் விழுந்துவிடும், கொஞ்சம் மேலே தங்கும். சிறியவை 5 மி.மீ. வரைக்கும் இருக்கலாம். 4.75 மி.மீ. சல்லடையில் விழுவதெல்லாம் மணல் கணக்கில் போய்விடும்.

இதிலேயே இரண்டு வகை உண்டு. ஒன்று, கிட்டத்தட்ட ஒரே அளவுக் கற்களாகச் சலித்தெடுத்த ஒற்றை அளவு ஜல்லி. இன்னொன்று, 20-இலிருந்து 5 வரை எல்லா அளவும் கலந்து வரும் கலப்பளவு ஜல்லி. இந்தியத் தரநிலை ஐஎஸ் 383-இன்படி கலப்பளவு 20 மி.மீ. ஜல்லியில் 20 மி.மீ. சல்லடை வழியாக 90 முதல் 100 சதவீதமும், 10 மி.மீ. வழியாக 25 முதல் 55 சதவீதமும், 4.75 மி.மீ. வழியாக அதிகபட்சம் 10 சதவீதமும் விழ வேண்டும். ஒற்றை அளவு என்றால் 10 மி.மீ. சல்லடையில் 20 சதவீதத்துக்கு மேல் விழக்கூடாது. "20 மி.மீ." என்று ஒரே பெயரில் வரும் இரண்டு லோடுகளுக்குள் இவ்வளவு வித்தியாசம் இருக்க முடியும். கேட்டு வாங்குவது நல்லது.

பேச்சு வழக்கில் ஒன்றரை ஜல்லி என்றால் 40 மி.மீ., முக்கால் என்றால் 20 மி.மீ., அரை என்றால் 12 மி.மீ., கால் ஜல்லி அல்லது சிப்ஸ் என்றால் 6 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாம் இஞ்சுக் கணக்கில் வந்த பெயர்கள்.

எந்த அளவு என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

மூன்று இடைவெளிகளை வைத்து. காங்கிரீட் எவ்வளவு தடிமன், கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே எவ்வளவு சந்து, கம்பிக்கும் சென்ட்ரிங் பலகைக்கும் (காங்கிரீட்டைத் தாங்கும் அச்சுப் பலகை) நடுவே எவ்வளவு இடம், அதாவது கவர். இந்த மூன்றிலும் தடையில்லாமல் புகுந்து போகக்கூடிய அளவுகளில் எது பெரியதோ அதுதான் சரியான அளவு.

தரநிலைகள் இதை எண்ணில் சொல்கின்றன. இந்தியத் தரநிலை ஐஎஸ் 456-இன்படி ஜல்லியின் உச்ச அளவு அந்த உறுப்பின் குறைந்தபட்சத் தடிமனில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. கம்பி நெருக்கமாக இருக்கும் பீம் போன்ற இடங்களில் முக்கியக் கம்பிகளின் இடைவெளி, கவர் இரண்டில் எது சிறியதோ அதைவிட 5 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். அமெரிக்க விதியான ஏசிஐ 318 கொஞ்சம் வேறு மாதிரி போகிறது: பலகைகளுக்கு நடுவேயுள்ள குறுகலான அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு, ஸ்லாப் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு, கம்பி இடைவெளியில் முக்கால் பங்கு, இந்த மூன்றில் எது சிறியதோ அது. கணக்கு வேறாக இருந்தாலும் வீட்டு வேலை அளவில் இரண்டும் பெரும்பாலும் ஒரே முடிவுக்குத்தான் கொண்டுவந்து விடும்.

இதில் நான் வலியுறுத்துவது ஒன்று. வரைபடத்தில் சராசரியான இடத்தைப் பார்க்காதீர்கள், மிக நெருக்கமான இடத்தைப் பாருங்கள். ஸ்லாப் முழுக்க 150 மி.மீ. இடைவெளியில் கம்பி இருக்கும், ஜல்லி எந்தச் சிரமமும் இல்லாமல் இறங்கும். பீமும் தூணும் சேரும் மூட்டில் அதே ஜல்லி தொங்கி நிற்கும். ஒரே மிக்சரில் வரும் காங்கிரீட்தான் இரண்டு இடத்துக்கும் போகிறது.

கம்பி இடைவெளியை எப்படிக் கணக்கிடுவது? ஒரு உதாரணம் தர முடியுமா?

230 மி.மீ. அகலமுள்ள பீம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரு பக்கமும் 25 மி.மீ. கவர், 8 மி.மீ. ரிங் (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்), அடியில் ஒரே வரிசையில் 16 மி.மீ. கம்பி நான்கு. 230-இல் கவருக்கு 50 போகும், ரிங்கின் இரண்டு கால்களுக்கு 16 போகும், நான்கு கம்பிக்கு 64 போகும். மிச்சம் 100. நான்கு கம்பிக்கு நடுவே மூன்று சந்து, ஆக ஒவ்வொன்றும் 33 மி.மீ. அதில் 5 கழித்தால் 28. கவரில் 5 கழித்தால் 20. எனவே 20 மி.மீ. ஜல்லி போடலாம். இதுவரைக்கும் எல்லோரும் பார்க்கிறார்கள்.

அப்புறம்தான் விஷயமே. அந்த நான்கு கம்பியில் இரண்டுக்கு ஒரே இடத்தில் லேப் (ஒரு கம்பி முடியும் இடத்தில் அடுத்த கம்பியைச் சேர்த்து வைக்கும் இணைப்பு) வருகிறது என்று வையுங்கள். லேப் கம்பி பக்கத்தில் ஒட்டிப் படுத்தால் அந்த இடத்தில் ஆறு கம்பி. கம்பிக்கு மட்டும் 96 மி.மீ. போய்விடும், மிச்சம் 68. சந்து மூன்றுதான், சராசரியாக 22 அல்லது 23 மி.மீ. 5 கழித்தால் 18-க்கும் கீழே. ஏசிஐ கணக்குப்படி முக்கால் பங்கு பார்த்தாலும் 17. இப்போது 20 மி.மீ. ஜல்லி விதிப்படி பொருந்தாது. தளத்தில் நடப்பதும் அதுதான்: இரண்டு கல் சந்தின் மேல் குறுக்கே படுத்துக்கொண்டால் பின்னால் வருவதெல்லாம் மேலேயே நின்றுவிடும், சிமெண்ட் பால் மட்டும் கீழே வடியும். பலகையைப் பிரித்தால் பீமின் அடியில் கம்பி வெளியே தெரியும்.

இதற்கு வழி மூன்று. லேப்களை ஒரே இடத்தில் போடாமல் தள்ளித் தள்ளிப் போடலாம். பொறியாளரிடம் கேட்டு, லேப் கம்பியைப் பக்கவாட்டில் வைக்காமல் மேலே வைத்துக் கட்டலாம். இரண்டும் முடியாவிட்டால் அந்தப் பகுதிக்கு மட்டும் 12 மி.மீ. ஜல்லியில் தனிக் கலவை போட வேண்டும். காங்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் அளவுகோலோடு ஒருமுறை மூட்டுகளைச் சுற்றி வந்தால் இதெல்லாம் கண்ணில் பட்டுவிடும். மிக்சர் ஓடத் தொடங்கிய பிறகு யாருக்கும் நேரம் இருக்காது.

வேலை வாரியாகச் சொன்னால் எந்த அளவு எங்கே?

அடித்தளத்துக்குக் கீழே போடும் கம்பியில்லாத பிசிசி-க்கு 40 மி.மீ. தான் வழக்கம். தடிமன் 150 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் நான்கில் ஒரு பங்குக்கு ஏறக்குறைய அதுவே பொருந்தும். 100 மி.மீ. தடிமனுக்கும் பலர் 40 போடுகிறார்கள். நான்கில் ஒரு பங்கு என்று பார்த்தால் 25-தான் வரும், அதனால் அங்கே 20 போடுவது அல்லது 40-உடன் 20 கலப்பது மேல். 75 மி.மீ. தடிமனுக்கு 40 மி.மீ. போடவே வேண்டாம், ஒரு கல்லின் மேல் இன்னொரு கல் உட்கார்ந்தாலே மேற்பரப்பைத் தொட்டுவிடும்.

கம்பி கட்டிய ஃபுட்டிங், தூண், பிளிந்த் பீம், ரூஃப் பீம், 100 மி.மீ.-க்கு மேற்பட்ட ஸ்லாப், படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டிச் சுவர் இவற்றுக்கெல்லாம் 20 மி.மீ. பொதுவாகப் பொருந்தும். மேலே சொன்ன நெருக்கடி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். 125 மி.மீ. ஸ்லாப்பில் நான்கில் ஒரு பங்கு 31 மி.மீ., எனவே தடிமனால் பிரச்சினை வராது.

சன்ஷேடு வேறு கதை. சுவரருகே 75 மி.மீ. இருந்து நுனியில் 50-க்கு இறங்கும். 50-இல் கால் பங்கு 12.5. ஆகவே 12 மி.மீ. ஜல்லிதான். ஸ்லாப் போடும் நாளில் மிச்சமாகும் 20 மி.மீ. கலவையை சன்ஷேடுக்குத் திருப்பிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. மழைக்கும் வெயிலுக்கும் முதலில் முகம் கொடுக்கும் மெல்லிய உறுப்பு அது. நுனியில் கம்பி துருப்பிடித்துக் காங்கிரீட் பெயர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மெல்லிய அலமாரித் தட்டு, ஜாலி, முன்வார்ப்புப் பலகை, பழைய தளத்தின் மேல் போடும் 40 அல்லது 50 மி.மீ. பூச்சுத்தளம் ஆகியவற்றுக்கு 10 அல்லது 12 மி.மீ. பழைய தூணைச் சுற்றிக் கம்பி கட்டி உறை போடும் வேலை, இயந்திரப் போல்ட் குழிகளை அடைப்பது, இரண்டு வார்ப்புகளுக்கு நடுவே உள்ள சிறு இடுக்கு ஆகியவற்றுக்கு 6 முதல் 10 மி.மீ.

அணை, பெரிய இயந்திர அடித்தளம் மாதிரியான பருமனான வேலைகளில் அளவு மேலே ஏறும். அணைகளில் 150 மி.மீ. கல்வரை போட்டிருக்கிறார்கள். பெரிய கல் போட்டால் சிமெண்ட் குறையும், சிமெண்ட் குறைந்தால் உள்ளே உண்டாகும் வெப்பம் குறையும். அவ்வளவு பருமனான வேலையில் வெப்பத்தால் வரும் விரிசல்தான் பெரிய கவலை.

பெரிய ஜல்லி போட்டால் காங்கிரீட் வலுவாக இருக்குமா?

நேரடியாக அப்படிச் சொல்ல முடியாது. பெரிய ஜல்லிக்குத் தண்ணீர் குறைவாகப் போதும், அதனால் அதே சிமெண்டில் நீர்-சிமெண்ட் விகிதம் குறைந்து வலிமை கூடும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், காங்கிரீட் இறுகும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் மேலே ஏறப் பார்க்கும். வழியில் பெரிய கல் இருந்தால் அதன் அடியில் தங்கிவிடும். தண்ணீர் தங்கிய இடத்தில் சிமெண்ட் பசை கல்லோடு சரியாக ஒட்டாது, அந்த மெல்லிய படலத்தில்தான் முதல் விரிசல் தொடங்கும். கல் பெரிதாகப் பெரிதாக இந்தப் பலவீனமும் பெரிதாகும்.

சாதாரண எம்20, எம்25 தரத்தில் (எண் கூடக் கூட வலிமை கூடும்) முதல் விளைவு கை ஓங்கும். எம்60 போன்ற உயர் தரத்துக்குப் போகும்போது இரண்டாவது கை ஓங்கிவிடும், அதனால் அங்கே 20-ஐத் தாண்டாமல், பல நேரம் 10 அல்லது 12 மி.மீ. அளவிலேயே நிறுத்திக்கொள்கிறார்கள். வீட்டுக்கு எம்20, எம்25 போடும்போது 20-ஆ 12-ஆ என்பதால் வரும் வலிமை வித்தியாசத்தைவிட, மிக்சரில் கூடுதலாக ஊற்றும் ஒரு வாளித் தண்ணீரால் வரும் நஷ்டம் பெரியது.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் 12 மி.மீ. போட்டுவிடலாமே? சந்தில் சிக்காது, பாதுகாப்புதானே?

நியாயமாகத் தோன்றும். ஆனால் அதற்கு விலை உண்டு. கல்லின் அளவு பாதியானால் அதே கனஅளவுக்கு மேற்பரப்பு இரண்டு மடங்காகும். அந்த மேற்பரப்பு முழுவதையும் சிமெண்ட் பசை மூட வேண்டும்.

கலவை வடிவமைப்புக்கான ஐஎஸ் 10262 தரும் தொடக்க அளவுகளைப் பாருங்கள். 50 மி.மீ. ஸ்லம்ப்புக்கு (கலவை எவ்வளவு இளக்கமாக இருக்கிறது என்று காட்டும் அளவு) ஒரு கனமீட்டர் காங்கிரீட்டில் தேவைப்படும் தண்ணீர், 10 மி.மீ. ஜல்லிக்கு 208 லிட்டர், 20 மி.மீ.-க்கு 186, 40 மி.மீ.-க்கு 165. நீர்-சிமெண்ட் விகிதம் 0.5 என்று வைத்தால் சிமெண்ட் முறையே 416, 372, 330 கிலோ. 20-இலிருந்து 10-க்கு இறங்கினால் கனமீட்டருக்கு 44 கிலோ, அதாவது கிட்டத்தட்ட ஒரு மூட்டை கூடுதல்.

செலவு மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். பசை அதிகமாக இருக்கும் காங்கிரீட் காயும்போது அதிகமாகச் சுருங்கும். அகலமான தரை, ஸ்லாப் போன்றவற்றில் அந்தச் சுருக்கம் விரிசலாக வெளியே வரும். கூடுதல் சிமெண்ட் போடாமல் தண்ணீரை மட்டும் கூட்டினால் வலிமையே போய்விடும், நடைமுறையில் பெரும்பாலும் நடப்பது இதுதான். இடம் கொடுக்கும் அளவுக்குப் பெரிய ஜல்லி, சந்து நெருக்கும் இடத்தில் மட்டும் சிறியது என்று போவதே நல்லது.

20 மி.மீ., 12 மி.மீ. இரண்டையும் 60:40 விகிதத்தில் கலக்கச் சொல்கிறார்கள். அது சரியா?

கலப்பது சரி. 60:40 என்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெரிய கல்லுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தை நடுத்தரக் கல் நிரப்பும், அதன் வெற்றிடத்தைச் சிறு கல், பிறகு மணல், கடைசியில் சிமெண்ட் பசை. நடுவில் ஒரு அளவு விடுபட்டால் அந்த இடத்தையும் பசைதான் நிரப்ப வேண்டும். ஒற்றை அளவு 20 மி.மீ. மட்டும் போட்ட கலவை கரடுமுரடாக நிற்பதும், கரண்டியில் கல் தனியாகப் பசை தனியாகப் பிரிவதும் இதனால்தான்.

விகிதம் எவ்வளவு என்பது கையில் இருக்கும் ஜல்லியைப் பொறுத்தது. முன்னே சொன்ன எல்லையை நினைவில் வையுங்கள்: கலந்த பிறகு 10 மி.மீ. சல்லடையில் 25 முதல் 55 சதவீதம் விழ வேண்டும். உங்கள் 20 மி.மீ. ஜல்லியில் 10 சதவீதம் அந்தச் சல்லடையில் விழுகிறது, சிறு ஜல்லியில் 90 சதவீதம் விழுகிறது என்றால், 60:40 கலப்பில் 6 கூட்டல் 36, மொத்தம் 42 சதவீதம். நன்றாக நடுவில் நிற்கிறது. அதே சிறு ஜல்லி 12 மி.மீ. பக்கமாகவே குவிந்த ஒற்றை அளவாக இருந்து 30 சதவீதம்தான் விழுகிறது என்றால், 6 கூட்டல் 12, வெறும் 18. எல்லைக்கே வரவில்லை. அப்போது கொஞ்சம் 6 மி.மீ. சிப்ஸும் சேர்க்க வேண்டிவரும். ஒரே 60:40 ஒரு லோடுக்குப் பொருந்துகிறது, அடுத்த லோடுக்குப் பொருந்தவில்லை. அதனால் கிரஷர் மாறினால் விகிதத்தையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

சல்லடை இல்லாமல் தளத்திலேயே பார்க்க வழி உண்டா?

உண்டு. ஒரு உறுதியான வாளியும் அளவுக் குவளையும் போதும். முதலில் வாளியில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி அது எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு, முன்பே நனைத்து வடியவிட்ட ஜல்லியை மூன்று தவணையாகப் போட்டு, ஒவ்வொரு தவணையும் ஒரு கம்பியால் குத்தி, விளிம்போடு மட்டம் செய்யுங்கள். இப்போது மெதுவாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வாருங்கள். விளிம்பைத் தொடும்வரை எவ்வளவு பிடித்ததோ அதுதான் வெற்றிடம். 10 லிட்டர் வாளியில் 4.5 லிட்டர் பிடித்தால் வெற்றிடம் 45 சதவீதம்.

முதலில் 20 மி.மீ. மட்டும், அடுத்து 70:30, அப்புறம் 60:40, 50:50 என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். எந்தக் கலப்பு குறைவாகத் தண்ணீர் குடிக்கிறதோ அதில் வெற்றிடம் குறைவு, அதற்குப் பசையும் குறைவாகப் போதும். ஒரு மணி நேர வேலை. ஆய்வகச் சோதனைக்கு இது ஈடாகாது, ஆனால் கண்மூடித்தனமாகக் கலப்பதைவிட எவ்வளவோ மேல்.

மாதிரி எடுப்பதில் கவனம் வேண்டும். லாரியிலிருந்து கொட்டும்போது பெரிய கற்கள் உருண்டு குவியலின் அடிவாரத்துக்குப் போய்விடும், சிறியவை நடுவிலும் மேலும் தங்கும். ஓரத்தில் மட்டும் அள்ளிப் பார்த்தால் லோடு முழுக்கப் பெரிய கல் என்று தோன்றும். அடி, நடு, மேல் என்று பல இடத்தில், மேல்பரப்பைக் கொஞ்சம் விலக்கிவிட்டு அள்ளுங்கள். மிக்சருக்கு அள்ளுகிறவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் காலைக் கலவையும் மாலைக் கலவையும் வேறு வேறு காங்கிரீட்டாக இருக்கும்.

அளவு சரியாக இருந்தால் வடிவம் எப்படி இருந்தாலும் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விட முடியாது. சல்லடை கல்லின் நீளத்தை அளப்பதில்லை. 16-க்கும் 20-க்கும் இடைப்பட்ட கல்லுக்குச் சராசரி அளவு 18 மி.மீ. அதில் 1.8 மடங்குக்கு மேல், அதாவது 32 மி.மீ.-க்கு மேல் நீளமிருந்தால் நீளக் கல் என்று கணக்கு. 0.6 மடங்குக்குக் கீழே, அதாவது 11 மி.மீ.-க்கும் குறைவாகத் தடிமன் இருந்தால் தட்டைக் கல். 33 மி.மீ. நீளக் கல் 20 மி.மீ. சல்லடையில் நெட்டுக்குத்தாக விழுந்து தப்பித்துவிடும். பீமில் 23 மி.மீ. சந்தின் மேல் குறுக்கே படுத்தால்? நாம் போட்ட கணக்கெல்லாம் வீண்.

தட்டைக் கல் வேறு விதத்தில் கெடுக்கும். படுத்த நிலையில் அடியில் தண்ணீரையும் காற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும், சுமை வந்தால் எளிதில் முறியும். இரண்டு வகையும் சேர்ந்து 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது ஐஎஸ் 383. ஒரு கூடை ஜல்லியை விரித்துப் பார்த்தாலே சில்லுகள் அதிகமா, கனசதுரம் போன்ற கற்கள் அதிகமா என்று தெரிந்துவிடும்.

உடைக்காத உருண்டைக் கூழாங்கல் கிடைக்கும் இடங்களில் அதையும் பயன்படுத்தலாம். உடைகல்லைவிடத் தண்ணீர் கனமீட்டருக்கு 20 லிட்டர் அளவுக்குக் குறைவாகப் போதும், நன்றாக ஓடும். வழவழப்பான மேற்பரப்பில் பசை பிடிப்பது மட்டும் உடைகல் அளவுக்கு இருக்காது.

பம்ப் மூலம் காங்கிரீட் ஏற்றினால் அளவு மாறுமா?

குழாயின் உள்விட்டத்தைப் பாருங்கள். உடைகல் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் ஜல்லி இருக்க வேண்டும். 125 மி.மீ. குழாய்க்கு 41, 100 மி.மீ. குழாய்க்கு 33, எனவே 20 மி.மீ. தாராளமாகப் போகும். 50 மி.மீ. சிறு குழாய் என்றால் 12-ஐத் தாண்ட வேண்டாம். அதோடு கலவையில் சிறு அளவுகளும் மணலும் போதுமான அளவு இருக்க வேண்டும். ஒற்றை அளவு ஜல்லி குழாயில் அடைத்துக்கொள்வது சகஜம்.

வரைபடத்தில் 20 மி.மீ. என்று இருக்கிறது. 12 மட்டும்தான் கிடைக்கிறது, அல்லது 40 மட்டும். மாற்றிப் போடலாமா?

40-ஐ 20-க்குப் பதிலாகக் கம்பி கட்டிய வேலையில் போடாதீர்கள், அதில் பேச்சே இல்லை. 20-க்குப் பதிலாக 12 போடலாம், ஆனால் அதே கலவையில் ஜல்லியை மட்டும் மாற்றினால் போதாது. எடைக் கணக்கில் வடிவமைத்த கலவை என்றால் மறுபடி வடிவமைக்க வேண்டும், அந்த வேலை பொறியாளருடையது.

பெட்டி கணக்கில் (எடை போடாமல் பெட்டியால் அளந்து) போடும் சிறு வேலைகளுக்கு ஐஎஸ் 456 ஒரு வழி சொல்கிறது. மணலுக்கும் ஜல்லிக்கும் உள்ள விகிதம், நடுத்தர மணலுக்கு, 10 மி.மீ. ஜல்லி என்றால் 1:1½, 20 என்றால் 1:2, 40 என்றால் 1:2½. ஜல்லி சிறிதானால் மணலின் பங்கு கூட வேண்டும். தண்ணீர்த் தேவையும் கூடும் என்று முன்பே பார்த்தோம், அந்தக் கூடுதல் தண்ணீருக்கு ஏற்றபடி சிமெண்டும் கூட வேண்டும். மேஸ்திரியிடம் "12 வந்திருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், அவர் பழைய கணக்கிலேயே போட்டு, கலவை இறுக்கமாக இருக்கிறதே என்று தண்ணீரைக் கூட்டுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, புதுக் கணக்கை எழுதிக் கொடுப்பது நம் பொறுப்பு.

கியூப் சோதனைக்கும் ஜல்லி அளவுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. கியூப் என்பது வலிமையைச் சோதிக்க அச்சில் வார்க்கும் காங்கிரீட் கனசதுரம். 150 மி.மீ. அச்சு 40 மி.மீ. ஜல்லி வரைக்கும் பொருந்தும். 100 மி.மீ. சிறிய அச்சு 20 மி.மீ.-ஐத் தாண்டாத ஜல்லிக்கு மட்டும். சிறிய அச்சில் பெரிய கல் இருந்தால் வரும் எண்ணை நம்ப முடியாது.

சென்ட்ரிங் பிரித்ததும் தேன்கூடு மாதிரி ஓட்டை தெரிகிறது. ஜல்லி பெரிதாகிவிட்டதுதான் காரணமா?

காரணங்களில் அதுவும் ஒன்று. ஓட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கம்பி நெருக்கமான இடத்திலும் கவர் பக்கத்திலும் மட்டும் இருந்து, மற்ற இடம் நன்றாக இருந்தால் ஜல்லி அளவையோ கம்பி அமைப்பையோ சந்தேகப்படலாம். கவர் பிளாக் (கம்பியைப் பலகையிலிருந்து தள்ளி நிறுத்தும் சிறு கட்டை) நழுவிக் கம்பி பலகையோடு ஒட்டியிருந்தாலும் இதே மாதிரிதான் தெரியும். தூணின் அடிப்பக்கம் மட்டும் என்றால் உயரத்திலிருந்து கொட்டியதால் கல் பிரிந்திருக்கலாம், அல்லது பலகை இடுக்கில் பால் ஒழுகியிருக்கலாம். அங்கங்கே பரவலாக என்றால் வைப்ரேட்டர் சரியாகப் போடவில்லை, அல்லது ஜல்லியில் நடு அளவுகள் இல்லை.

எதுவாக இருந்தாலும் உடனே சிமெண்ட் பூசி மறைக்க விடாதீர்கள். பொறியாளர் பார்த்து, ஆழம் தெரிந்து, தளர்ந்ததைத் தட்டி எடுத்த பிறகே அடைக்க வேண்டும். அடைக்கும் கலவைக்கும் ஆழத்தைப் பொறுத்து 6 முதல் 10 மி.மீ. ஜல்லி.

ஜல்லியைக் கழுவ வேண்டுமா, நனைக்க வேண்டுமா?

ஒரு கைப்பிடி எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். உள்ளங்கையில் மாவு போல் வெள்ளைத் தூசு ஒட்டினால் கழுவுவது நல்லது. கல்லின் மேல் தூசுப் படலம் இருந்தால் பசை தூசோடுதான் ஒட்டும், கல்லோடு ஒட்டாது. 12, 6 மி.மீ. அளவுகளில் தூசு அதிகம் தங்கும் என்பதால் அவற்றை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

வெயிலில் காய்ந்த ஜல்லி கலவைத் தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சும். ஒரு கனமீட்டரில் 1,200 கிலோ ஜல்லி இருந்து அது அரை சதவீதம் உறிஞ்சினால் 6 லிட்டர். முந்தைய நாள் மாலை குவியலில் தண்ணீர் தெளித்து வைத்தால் இது சரியாகிவிடும், வெயில் காலத்தில் ஜல்லியின் சூடும் குறையும். ஆனால் காலையில் குவியலின் அடியில் தண்ணீர் தேங்கி நின்றால் அதை வடியவிட்டு, மேலிருந்து அள்ளத் தொடங்குங்கள். அடி ஜல்லியோடு வரும் ஈரத்தைக் கலவைத் தண்ணீரில் கழித்தே ஊற்ற வேண்டும்.